இறக்கிவிடும் கை

(காரைக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1939இல் சா. கணேசன் கம்பனுக்கு விழா எடுக்கத் தொடங்கியதிலிருந்து, மேடைப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தேர்ந்த காதுகள் இந்த ஊர்க் காதுகள். அப்படிப்பட்ட சபையில் பனிக்கட்டிமேல் சறுக்கி ஆடும் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறான். "பங்குனி வெயிலில் தார் ரோடே இளகுகிற சீமையில் பனிக்கட்டிக்கு என்ன வேலை?" என்று உங்களில் சிலர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்பது எனக்குத் தெரிகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். பதிலைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

என் பொருள் ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து போட்டியிடும் ஆட்டம். 1908 லண்டன் ஒலிம்பிக்ஸிலேயே இது இடம்பெற்றுவிட்டது. அந்த ஆட்டத்தில் ஒருவருடைய வாழ்க்கை எப்படித் தொடங்குகிறது, எதனால் நிலைக்கிறது, முடியும்போது யாரிடம் போய்ச் சேருகிறது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்வோம். ஐஸ் டான்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. அதுவும் ஆண், பெண் இருவர் ஆடுவதுதான். ஆனால் அதில் துணையைத் தலைக்கு மேல் தூக்கக்கூடாது, வீசக்கூடாது. ஜோடிப் பிரிவில் இரண்டும் உண்டு. ஆண் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே சறுக்குவார், அது லிஃப்ட். மேலே வீசி, அவர் காற்றில் சுழன்றதும் பிடிப்பார், அது ட்விஸ்ட். தொலைவாக வீசுவார், பெண் தானே சுழன்று ஒற்றைக் காலில் இறங்குவார்; அது த்ரோ ஜம்ப். ஆண் ஒரு காலை ஊன்றிச் சுழல, பெண் அவருடைய ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, தலை பனியை உரசுமளவுக்குச் சாய்ந்து வட்டமடிப்பார். அதற்குப் பெயரே டெத் ஸ்பைரல். இரண்டு சுற்று ஆட வேண்டும்: ஒன்று 2 நிமிடம் 40 விநாடி, மற்றொன்று 4 நிமிடம். ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் ஈரக்காலோடு ஓடிச் சறுக்கி விழுந்தவர்களுக்கு, காலடியில் பிடிமானம் இல்லாமல் போகிற அந்த ஒரு நொடி தெரியும். அந்த நொடியிலேயே குடியிருந்துகொண்டு இன்னொருவரையும் தூக்குகிறார்கள் இவர்கள்.

ஒரு லிஃப்டை மட்டும் மெதுவாகப் பார்ப்போம். சறுக்கி வரும் வேகத்தில் இருவரும் கை பிடிக்கிறார்கள். பெண் தன் காலால் உந்தி எழும்புகிறார்; ஆண் அந்த எழுச்சியை வாங்கி மேலே கொண்டுபோகிறார். பெண் சும்மா சுமையாகத் தொங்கினால் எந்தப் பயில்வானாலும் தூக்க முடியாது. மேலே போனதும் ஆணின் கை முழுதாக நீண்டிருக்க வேண்டும். அந்த நிலையில் அவர் பனியில் மூன்றரைச் சுற்று வரை திரும்பலாம். கீழே அவருடைய பாதத்தைத் தாங்குவது சில மில்லிமீட்டர் அகலமுள்ள எஃகுத் தகடு. மேலே பெண் உடம்பை இறுக்கி, தன் எடையை அவருடைய தோளுக்கு நேராக வைத்திருக்கிறார். அரங்கம் கைதட்டுவது இந்த இடத்தில்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். இறக்க வேண்டும். சறுக்கும் வேகம் குறையக்கூடாது. பெண்ணின் கால், தகட்டின் சரியான விளிம்பில், சரியான திசையில் தரையைத் தொட வேண்டும். ஆணின் கை கடைசி அங்குலம் வரை விடக்கூடாது. தொட்டபின் பிடித்து இழுக்கவும் கூடாது. தரையில் மெத்தை விரித்துச் சாதாரணக் காலணியோடு தூக்கிப் பழகிய பிறகுதான் ஒரு ஜோடியைப் பனிக்கு அழைத்துப்போகிறார்கள். அங்கும் ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் அதிக நேரம் செலவாகிறது.

மதிப்பெண்ணிலும் இது தெரியும். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்ஸில் ரஷ்ய ஜோடிக்குத் தங்கம் கொடுத்தார்கள். பிரெஞ்சு நடுவர்மீது புகார் கிளம்பி, சில நாளில் கனடா ஜோடிக்கும் இன்னொரு தங்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கசப்பில்தான் 6.0 என்ற பழைய மதிப்பெண் முறை போய்ச் சேர்ந்தது. புதிய முறையில் ஒவ்வொரு அங்கத்துக்கும் தனித்தனியாக மதிப்பெண். லிஃப்டின் நுழைவும் நடுநிலையும் போலவே, அதிலிருந்து வெளியேறும் விதமும் கணக்கில் சேர்கிறது.

தூக்குவது பாதிதான், இறக்குவதோடுதான் முழுமை என்பது இந்த ஆட்டத்தின் விதி. இதை ஆட்டக்காரர்களின் வாழ்க்கைமேல் வைத்துப் பார்த்தாலும் பொருந்துகிறது. ஒரு மனிதரின் திறமையை மேலே ஏற்றிவைக்க ஊரே வருகிறது. காயம்பட்டபோதும், துணை பிரிந்தபோதும், வயதானபோதும் பத்திரமாக இறக்கிவிட எத்தனை பேர் வருகிறார்கள்? ஒரு நாட்டில் இந்த ஆட்டம் வேர்விடுவதும் பட்டுப்போவதும் அதைப் பொறுத்துத்தான். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்குச் சாட்சி.

முதல் சாட்சி எலேனா பெரெஷ்னயா. 1996 ஜனவரி, லாத்வியாவில் பயிற்சி. பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்த துணையின் ஸ்கேட் தகடு அவருடைய தலையைத் தாக்கி மண்டையோட்டைத் துளைத்தது. பேச்சு போய்விட்டது. அப்போது அவருக்கு 18 வயது. பேசவும் நடக்கவும் மறுபடி கற்க வேண்டியிருந்தது. அன்டன் சிகாருலிட்சே என்ற இளைஞர் அவருக்குப் புதிய துணையானார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தமாரா மாஸ்க்வினா என்ற பயிற்சியாளர் இருவரையும் சேர்த்தார். இரண்டே ஆண்டில், 1998 நாகானோ ஒலிம்பிக்ஸில், அந்த ஜோடி வெள்ளி வாங்கியது. அதே ஆண்டு உலக சாம்பியன் ஆனது. நான் சற்றுமுன் சொன்ன 2002 ரஷ்ய ஜோடி இவர்கள்தான். நடுவர் தகராறில் அவர்கள் பெயர் அடிபட்டதை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. உடைந்துபோன ஒருவரை மறுபடி பனியில் நிற்கவைத்த கைகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

இரண்டாவது சாட்சி இரீனா ரோத்னினா. 1969 முதல் 1978 வரை பத்து உலகப் பட்டங்கள். மூன்று ஒலிம்பிக் தங்கங்கள். 1972 தங்கம் ஒரு துணையோடு, 1976, 1980 தங்கங்கள் இன்னொரு துணையோடு. இரண்டாவது துணையான சாய்ட்ஸெவோடு 1973இல் பிராட்டிஸ்லாவா உலகப் போட்டியில் ஆடும்போது, நடுவிலேயே இசை நின்றுபோனது. இருவரும் நிற்கவில்லை. சத்தமே இல்லாத அரங்கில் மீதி ஆட்டத்தை ஆடி முடித்துப் பட்டம் வாங்கினார்கள். ஜோடி சேர்ந்து ஓராண்டுகூட நிரம்பாத நேரம் அது. இசை நின்றால் இருவர் மனத்திலும் ஒரே தாளம் ஓட வேண்டும். ஒருவர் அரை நொடி முந்தினால் போதும், தூக்கிய பெண் எங்கே இறங்குவார் என்பது யாருக்கும் தெரியாது.

துணை கிடைப்பது இந்த ஆட்டத்தின் பெரிய பாடு. தனி ஆட்டக்காரருக்குக் கால் சரியில்லையென்றால் அவர் ஒருவர்தான் ஓய்வெடுப்பார். ஜோடியில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இருவருக்கும் விடுப்பு. உயரம் பொருந்த வேண்டும், குணம் பொருந்த வேண்டும், ஒரே ஊரில் இருக்க வேண்டும். ஒலிம்பிக்ஸுக்குப் போக இருவரும் ஒரே நாட்டுக் குடிமக்களாக இருக்க வேண்டும். உக்ரைனில் பிறந்த அலியோனா சாவ்சென்கோ மூன்று துணைகளோடு ஐந்து ஒலிம்பிக்ஸ் ஆடினார். மூன்றாமவர் புருனோ மாஸோ பிரெஞ்சுக்காரர். ஜெர்மனிக்காக ஆட, ஜெர்மன் மொழித் தேர்வு எழுதித் தேற வேண்டியிருந்தது அவருக்கு. 2018 பியோங்சாங்கில் முதல் சுற்றில் நான்காம் இடத்தில் இருந்த அந்த ஜோடி, இரண்டாம் சுற்றில் எழும்பித் தங்கம் வாங்கியது. சாவ்சென்கோவுக்கு அப்போது 34 வயது. நம் ஊரில் இருபது வயதிலேயே "விளையாட்டு போதும், வேலையைப் பார்" என்று சொல்கிறோமே, அதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

இனி ஒரு நாட்டின் கதைக்கு வருவோம். அது சீனா.

1980இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் உலகப் போட்டி. சீனாவிலிருந்து யாவ் பின், லுவான் போ என்ற ஜோடி போயிருந்தது. அவர்களுக்கு அந்த ஆட்டத்தைச் சரியாகக் கற்றுத்தர ஆளில்லை. புகைப்படங்களைப் பார்த்துத்தான் லிஃப்டுகளைப் பழகியிருந்தார்கள். படத்தில் பெண் மேலே இருப்பது தெரியும். எப்படி ஏறினார், எப்படி இறங்கினார் என்பது தெரியாது. டோர்ட்முண்ட் அரங்கம் அவர்களைப் பார்த்துச் சிரித்தது. கடைசி இடம். நான்கு ஆண்டு கழித்து 1984 சரயேவோ ஒலிம்பிக்ஸிலும் கடைசி இடம்தான்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். யாவ் பின் பயிற்சியாளர் ஆனார். தனக்குக் கற்றுத்தர ஆளில்லாததை அடுத்தவருக்குக் கற்றுத்தரக் கிளம்பினார். வடகிழக்குச் சீனாவில் குளிருக்குப் பேர்போன ஹார்பின் நகரில் பிறந்த ஷென் ஷுவே, ஷாவ் ஹோங்போ இருவரும் 1992இல் ஜோடி சேர்ந்தார்கள். பெண்ணுக்கு 13 வயது, பையனுக்கு 18. அவர்கள் யாவ் பின்னின் கைக்கு வந்தார்கள். 1994இல் முதல் உலகப் போட்டியில் 21ஆம் இடம். 1998 ஒலிம்பிக்ஸில் 5ஆம் இடம். 1999இல் உலக வெள்ளி. 2002இல் ஒலிம்பிக் வெண்கலம், அதே ஆண்டு உலகத் தங்கம். படிப்படியாக எண் இறங்க இறங்கத் தரம் ஏறியது.

2004இல் உலகப் போட்டி மறுபடியும் டோர்ட்முண்டில். யாவ் பின்னைப் பார்த்துச் சிரித்த அதே ஊர். ஷென், ஷாவ் ஜோடி அங்கே இரண்டாம் சுற்றில் 6.0 என்ற முழு மதிப்பெண்ணைச் சில நடுவர்களிடமிருந்து வாங்கியது. மொத்தத்தில் வெள்ளிதான். இருந்தாலும் களத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியருக்கு அது எதைத் தீர்த்துவைத்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டே சோதனை. 2005 ஆகஸ்டில் ஷாவ் ஹோங்போவின் குதிகால் தசைநாண் அறுந்தது. தூக்குகிறவரின் கால் அது. அறுவை முடிந்து ஆறு மாதத்தில், 2006 டுரின் ஒலிம்பிக்ஸில், வெண்கலம். 2007இல் மூன்றாம் உலகப் பட்டம், அதோடு ஓய்வு, இருவரும் திருமணமும் செய்துகொண்டார்கள். எல்லாம் வாங்கியாகிவிட்டது, ஒலிம்பிக் தங்கம் ஒன்றைத் தவிர. அதற்காக 2009இல் மறுபடி வந்தார்கள். 2010 பிப்ரவரி 14, வான்கூவர். அன்று சீனப் புத்தாண்டு. முதல் சுற்றில் முதல் ஆளாக ஆடி 76.66 என்ற உலகச் சாதனை மதிப்பெண். மறுநாள் தங்கம். பெண்ணுக்கு 31 வயது, ஆணுக்கு 36. 1964 முதல் 2006 வரை பன்னிரண்டு ஒலிம்பிக்ஸில் சோவியத் ஒன்றியமும் அதன் வாரிசு அணிகளும் கைவிடாமல் வைத்திருந்த தங்கம் அன்று கைமாறியது. வெள்ளி வாங்கியதும் யாவ் பின்னின் மாணவர்கள்தான். ஐந்தாம் இடமும் அவருடைய மாணவர்களுக்கே.

கதை அங்கே முடியவில்லை என்பதுதான் முக்கியம். ஷாவ் ஹோங்போ தன் ஆசிரியரைப் போலவே பயிற்சியாளர் ஆனார். அவர் பயிற்றுவித்த சுய் வென்ஜிங், ஹான் சோங் ஜோடி 2018 ஒலிம்பிக்ஸில் வெறும் 0.43 மதிப்பெண்ணில் தங்கத்தைத் தவறவிட்டது. 2022 பெய்ஜிங்கில் 0.63 மதிப்பெண் வித்தியாசத்தில் அதை வாங்கியது. டோர்ட்முண்டின் கடைசி இடத்திலிருந்து ஒலிம்பிக் தங்கத்துக்கு வர சீனாவுக்கு முப்பது ஆண்டு பிடித்தது. அந்த முப்பது ஆண்டும், ஆடி முடித்தவர்கள் காணாமல் போகாமல் பயிற்சித் தரையிலேயே நின்றார்கள். அரசாங்கம் பணம் கொடுத்தது உண்மை. பணம் மட்டும் இருந்து, தோற்ற அனுபவத்தைச் சொல்லித்தர ஆளில்லாமல் போயிருந்தால், இன்னும் புகைப்படம் பார்த்துத்தான் தூக்கிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். சிம்லாவில் 1920இலிருந்து பனிச்சறுக்குக் களம் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் தண்ணீர் தானே உறைந்தால்தான் ஆட்டம். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் கூரை போட்ட ஐஸ் அரங்கம் கட்டினார்கள். போட்டி முடிந்ததும் அது பல ஆண்டு பூட்டிக் கிடந்தது; 2025இல்தான் மறுபடி உயிர் வந்தது. தூக்கினோம், இறக்கத் தெரியவில்லை. அந்த இடைவெளியில் ஒரு பிள்ளை பத்து வயதிலிருந்து இருபது வயதைத் தாண்டியிருக்கும்.

ஆனால் இந்தியாவுக்கு ஜோடி ஸ்கேட்டிங்கில் ஒரு பதக்கம் இருக்கிறது, தெரியுமா? பனியில் அல்ல, சக்கரத்தில். ஆர்ட்டிஸ்டிக் ரோலர் ஸ்கேட்டிங் என்று அதற்குப் பெயர். பனிக்குப் பதில் மரத்தளம் அல்லது வழவழப்பான சிமென்ட் தளம். தகட்டுக்குப் பதில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு சக்கரம். லிஃப்ட், த்ரோ, டெத் ஸ்பைரல் எல்லாம் இதிலும் உண்டு. சக்கரம் கட்டிய ஷூ கனமானது என்பதால் சில விஷயம் இதில் இன்னும் கடினம்.

2010 நவம்பர். ஷென், ஷாவ் ஜோடி தங்கம் வாங்கிய அதே ஆண்டு. சீனாவின் குவாங்சோவில் ஆசிய விளையாட்டு. ரோலர் விளையாட்டுகள் அங்கேதான் முதன்முதலில் சேர்க்கப்பட்டன. ஹைதராபாத்துக்காரரான அனூப் குமார் யாமாவும் அவருடைய துணை அவனி பஞ்சாலும் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தார்கள். அனூப் தனி ஆட்டத்திலும் வெண்கலம் வாங்கினார். 2015இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் மேலே கேளுங்கள். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் ரோலர் விளையாட்டே இல்லை. 2018 ஜகார்த்தாவில் ரோலர் திரும்பி வந்தது. ஆர்ட்டிஸ்டிக் பிரிவு வரவில்லை. 2023இல் நடந்த ஹாங்சோ போட்டியிலும் ஜோடிப் பிரிவு இல்லை. ஆசிய விளையாட்டில் ஜோடி ஆட்டத்துக்கு அந்தக் கதவு 2023 வரை ஒரே ஒரு முறைதான் திறந்தது. அந்த ஒரு முறையும் நம் ஆட்கள் உள்ளே நுழைந்து பதக்கத்தோடு வந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தைப் பிடித்து வைத்திருக்க எத்தனை ஊரில் தளம் போட்டோம், எத்தனை பள்ளியில் ஜோடி ஆட்டத்தைச் சொல்லித்தருகிறோம்? கேள்வியைக் குவாங்சோவுக்குப் போன அந்த இருவரிடம் கேட்க முடியாது. அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டுக்குச் சக்கரம் புதிதல்ல. நம் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவின் பெய்தாய்ஹேயில் 1000 மீட்டர் இன்லைன் வேக ஸ்கேட்டிங்கில் உலக சாம்பியன் ஆனார். ஹாங்சோவில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கிய இந்திய ஆண்கள் அணியிலும் அவர் இருந்தார். பெண்கள் அணிக்கும் அதே நாளில் வெண்கலம். ஆக, நம் பிள்ளைகளின் காலில் வேகம் இருக்கிறது. வேக ஸ்கேட்டிங்கில் ஒரு பிள்ளை விடியற்காலையில் ரோட்டில் தனியாகப் பழகிவிடலாம். ஜோடி ஆட்டத்துக்கு ஒரே தளத்தில், ஒரே நேரத்தில், ஆண்டுக்கணக்கில் இரண்டு பேர் வர வேண்டும். இரண்டு குடும்பங்கள் ஒத்துப்போக வேண்டும். கல்யாணம் பேசுவதைவிடக் கஷ்டம் அது!

பெற்றோர்கள் மனத்தில் இருக்கிற ஒன்றை நானே வெளியே எடுத்து வைக்கிறேன். "பொம்பளப் பிள்ளையை ஒரு பையன் தூக்கி ஆடுவதா?" என்ற தயக்கம். அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. தயக்கத்துக்குப் பின்னால் இருக்கும் பயம் பாதுகாப்பு பற்றியது. அது சரியான பயம். பயிற்சி மூடிய அறையில் நடக்கக்கூடாது. பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று இருக்க வேண்டும். தூக்கும் பயிற்சி தெரிந்த கோச் இல்லாமல் ஒரு பிள்ளையின் காலும் தரையை விட்டு எழக்கூடாது. எடை குறைய வேண்டும் என்று பெண் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்கிற கோச்சை அன்றே நிறுத்துங்கள். உலக ஸ்கேட்டிங் அமைப்பே பனி ஆட்டத்தில் பெரியவர்கள் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து படிப்படியாக உயர்த்தி 17 ஆக்கிவிட்டது. அவசரம் பிள்ளைகளை உடைக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். இவ்வளவும் செய்தபிறகு மிஞ்சுவது ஊர் என்ன சொல்லும் என்ற பயம். ஒரு பெண் தன் உடம்பின் சமநிலையைத் தானே ஆளப் பழகுவதையும், ஒரு பையன் இன்னொரு உயிரை அலுங்காமல் இறக்கிவிடப் பழகுவதையும் பார்த்து ஊர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம்.

பனிக்கட்டிக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்விக்கு வருகிறேன். பனிக்கட்டி வேண்டாம். தளம் போதும். "அதற்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?" என்றால், இந்த ஊரின் கதையையே எடுத்துக்கொள்வோம். வள்ளல் அழகப்பர் 1947இல் இங்கே கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆராய்ச்சிக்கு ஒரு தேசிய நிறுவனம் வரப்போகிறது என்று தெரிந்ததும் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து அதைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953இல் திறப்பு. நாம் சிக்ரி என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அதுதான். செம்மண் பொட்டலில் மின்வேதியியலுக்கு என்ன வேலை என்று அன்றும் யாரோ கேட்டிருப்பார்கள். அழகப்பர் 1957இல் மறைந்தார், ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை. அவர் ஏற்றிவைத்த நிறுவனங்கள் அவரோடு சாயவில்லை. தான் இல்லாதபோதும் நிற்கும்படி இறக்கிவைத்துவிட்டுப் போனார். யாவ் பின் செய்ததும் வேறொன்றும் இல்லை.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் பெரிது இல்லை. ஒரு பள்ளி நிர்வாகம், மேடு பள்ளம் இல்லாத, கூரை போட்ட ஒரு சிமென்ட் தளத்தைக் கொடுக்கட்டும். விளையாட்டு வகுப்பு நேரம் போக மாலையிலும் அதைத் திறந்து வைக்கட்டும். ஆர்ட்டிஸ்டிக் ஆடி ஓய்வு பெற்றவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை ஆண்டில் சில வாரமாவது அழைத்து வந்து தங்கவைப்போம். வெளியூர் விருந்தினரை உபசரிக்கச் செட்டிநாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் ஐந்து ஆண்டு மாநிலப் பதக்கம் ஒன்றும் வராது என்று நினைத்துக்கொண்டே தொடங்குவோம். கடைசி இடம் வந்தால் வெட்கப்பட வேண்டாம். அந்தப் பிள்ளைகளைக் கோச்சாக வளர்ப்போம். பதக்கம் வந்தால் பந்தல் போடுவோம். பந்தல் பிரித்த மறுநாளும் தளத்துக்கு வருவோம். அந்த மறுநாளுக்குத்தான் எனக்கு உங்கள் சம்மதம் வேண்டும்.

தளம் தர முடிந்தவர்களும், பிள்ளைகளை அனுப்ப நினைப்பவர்களும் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள். பெயர் எழுதிக்கொள்ள நோட்டு வைத்திருக்கிறேன்.